வயதான பூனைக்குத் தைராய்டு: பசியை நம்பாமல் எடையைப் பார்த்துப் பராமரிக்கும் வழி

கறுப்பாயிக்கு 13 வயது முடிகிற சமயத்தில் இளமை திரும்பியதுபோல் இருந்தது. அதுவரை பகல் முழுவதும் வைக்கோல் போரின் நிழலில் கிடந்தவள், விடியற்காலை நான்கு மணிக்கே கொல்லைக் கதவைப் பிராண்டத் தொடங்கினாள். தட்டில் வைத்ததை நக்கித் துடைத்துவிட்டு எதிர்வீட்டுத் திண்ணையில் இன்னொரு வேளை சாப்பிடுவாள். திரும்பி வந்து என் காலைச் சுற்றிக் கத்துவாள். “கிழவிக்குப் பசி திரும்பிவிட்டது, இன்னும் ஐந்து வருஷம் இருப்பாள் பார்” என்றார் பக்கத்து வீட்டு அத்தை. நானும் நம்பினேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மழைக்கு அவளைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தபோது முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் விரலில் தட்டுப்பட்டது. மயிருக்கு அடியில் பாதிப் பூனைதான் இருந்தது.

எங்களுடையது கும்பகோணத்தை ஒட்டிய கிராமம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கைவைத்தியம் சொல்ல தெருவுக்கு நாலு பேர் உண்டு. பூனைக்கு வைத்தியம் என்றால் சிரிப்பார்கள். அதனால் அந்த இரண்டு மாதமும், அதற்குப் பின் ஒரு தவறான ரத்தச் சீட்டினால் இன்னும் ஐந்து வாரமும் எனக்கு வீணாயின. அந்த வழியில் இன்னொருவர் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது கால்நடை மருத்துவரின் வேலை. அவரிடம் போகும் முன்பும் போய் வந்த பின்பும் வீட்டில் நாம் செய்ய வேண்டியவை இங்கே உள்ளன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

நம் வீடுகளில் தைராய்டு என்றால் அம்மாவோ அத்தையோ காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் தைராக்சின் மாத்திரை. உடம்பு பருக்கும், சோர்வு வரும், முடி கொட்டும். சுரப்பி குறைவாகச் சுரப்பதால் வருவது அது. வயதான பூனைக்கு வருவது நேர் எதிரானது. கழுத்தில் மூச்சுக்குழலின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் சுரப்பி வீங்கி, அளவுக்கு மீறிச் சுரக்கிறது. உடம்பு இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதயம் விரைகிறது, குடல் விரைகிறது, தின்றது சதையாவதற்குள் எரிந்துபோகிறது.

ஆகவே அம்மாவின் டப்பாவிலிருந்து கால் மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அன்றே தடுத்துவிடுங்கள். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான் அது. எங்கள் வீட்டில் அந்த யோசனை வந்தது. சொன்னவர் யார் என்று எழுதினால் எனக்கு நாளை காப்பி கிடைக்காது.

பெரும்பாலும் 10 வயதைக் கடந்த பூனைகளுக்கே இது வருகிறது. கண்டுபிடிக்கப்படும்போது சராசரியாக 12, 13 வயது. நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் 1979, 1980 வாக்கில்தான் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். சுரப்பியில் வீக்கம் என்றதும் புற்றுநோயோ என்று பயப்பட வேண்டாம். மிகப் பெரும்பாலானவை பரவாத, தீங்கற்ற வீக்கங்கள். புற்று என்பது நூற்றில் இரண்டு மூன்றுதான்.

சந்தேகம் வர வேண்டிய இடங்கள்

நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது முதல் அடையாளம். அதோடு தண்ணீர் அதிகம் குடிக்கும், சிறுநீர் அதிகம் போகும், அடிக்கடி வாந்தி எடுக்கும், சில சமயம் கழிச்சலும் இருக்கும். இரவில் காரணமில்லாமல் ஊளைபோல் நீளமாகக் கத்தும். மயிர் எண்ணெய்ப் பிசுக்காகித் திரிதிரியாக நிற்கும். கத்திரி வெயிலில் மற்றப் பூனைகள் படுத்துக் கிடக்க, இது மட்டும் சிமெண்ட் தரையைத் தேடி இடம் மாறிக்கொண்டே இருக்கும். மடியில் வைத்து நெஞ்சில் விரலை வைத்தால் துடிப்பை எண்ண முடியாத அளவுக்கு இதயம் அடித்துக்கொள்ளும்.

சில பூனைகள் இதற்கு நேர்மாறாகவும் நடந்துகொள்ளும். சாப்பாட்டை ஒதுக்கும், மூலையில் முடங்கும், இளைக்கும். நோய் முற்றியதாலோ கூடவே வேறொரு நோய் இருப்பதாலோ அப்படி ஆகும். பசி இல்லை என்பதற்காகத் தைராய்டை ஒதுக்கிவிடாதீர்கள்.

இளைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு: சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குடல் நோய், குடற்புழு. ஊரில் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம் பூச்சி மருந்துதான். பூனைக்கான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தால் அதில் தவறில்லை. கொடுத்த பிறகும் எடை ஏறவில்லை என்றால் அடுத்த பாட்டிலைத் தேடிப் போகாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

எடை: வாரம் ஒருமுறை, அதே தராசில்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கண் ஏமாற்றும், அதுவும் தினமும் பார்க்கிற கண் இன்னும் அதிகமாக ஏமாற்றும். மயிர் அடர்ந்த பூனை கால் கிலோ இறங்கினாலும் வெளியே தெரியாது. 4 கிலோ பூனைக்கு 200 கிராம் என்பது உடம்பில் இருபதில் ஒரு பங்கு; 60 கிலோ மனிதர் மூன்று கிலோ இளைத்ததற்குச் சமம். நாம் மூன்று கிலோ இளைத்தால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டுவிடுவார்கள்.

நாம் ஏறி நிற்கும் எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தனியாக நின்று கழித்துப் பார்ப்பது இதற்குப் போதாது. நூறு இருநூறு கிராம் அங்கே தொலைந்துவிடும். மளிகைக் கடையில் இருக்கும் மின்னணுத் தராசுதான் சரி. எங்கள் தெருக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் வரச் சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் கூடையை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, உள்ளே துண்டு விரித்துப் பூனையை உட்கார வைக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது, பிறகு வரவில்லை. சமையலறைத் தராசு வாங்குவதானால் குறைந்தது 5 கிலோ தாங்குகிறதா என்று பாருங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எடை, வாந்தி எத்தனை முறை, இரவில் கத்தினாளா, தண்ணீர்ப் பாத்திரம் எத்தனை முறை நிரப்பினோம். மருத்துவரிடம் “கொஞ்ச நாளாக இளைத்த மாதிரி இருக்கிறது” என்று சொல்வதும் “எட்டு வாரத்தில் 3.9-லிருந்து 3.3” என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொன்னபோதுதான் மருத்துவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

எங்கே போவது, எப்படிக் கொண்டுபோவது

அரசு கால்நடை மருந்தகங்களில் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வரிசையில் நிற்கும். பூனையைப் பார்க்க மாட்டார்கள் என்பதில்லை. ஆனால் ரத்தம் எடுக்கவும் இதயத்தை நிதானமாகக் கேட்கவும் சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய கை வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் தனியார் மருத்துவர்களை விசாரியுங்கள். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் அப்படியொரு இடம் இருப்பது பலருக்கு இன்னும் தெரியாது.

பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். இதயம் ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருக்கும் பூனை அது. காற்றோட்டமுள்ள, மூடியுள்ள கூடையைப் போவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் திறந்து வையுங்கள். அதில் உங்கள் பழைய வேட்டியோ சேலையோ கிடக்கட்டும். தானாகவே ஏறிப் படுக்கும். போகும் நாளில் வெயிலுக்கு முன் கிளம்புங்கள். மதியப் பஸ்ஸில் கூடையை இன்ஜின் பக்கத்தில் வைத்துப் போவது இந்த நோயுள்ள பூனைக்கு ஆபத்து.

மருத்துவர் கழுத்தைத் தடவி வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் நீங்கள் அமுக்கிப் பார்க்க வேண்டாம். முடிந்தால் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

ரத்தச் சீட்டில் இருக்கும் பொறி

என் ஐந்து வாரம் போனது இங்கேதான். கறுப்பாயியின் ரத்தத்தை மனிதர்களுக்கான ஆய்வுக்கூடம் ஒன்றில் கொடுத்தோம். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4-இன் மொத்த அளவு 9.2 என்று வந்தது. பக்கத்தில் ‘இயல்பு’ என்று அச்சாகியிருந்தது. நான் சீட்டை மடித்துவைத்து நிம்மதியாகிவிட்டேன்.

டி4 என்ற ஹார்மோன் மனிதருக்கும் பூனைக்கும் ஒரே பொருள்தான். அளவுதான் வேறு. மனிதருக்கு ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை இயல்பு. பூனைக்கு ஏறக்குறைய 1 முதல் 4 வரைதான். கூடத்துக்குக் கூடம் சிறிது மாறும். அதாவது பூனைக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தாலும் மனித அளவுகோல் அதை இயல்பு என்றே அச்சிடும். கம்ப்யூட்டருக்கு வாலும் மீசையும் தெரியாது. ஆகவே சீட்டில் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எண்ணைப் படியுங்கள். எந்த அலகு என்பதையும் பாருங்கள்: சில கூடங்கள் நானோமோல் கணக்கில் தரும். அதை ஏறக்குறைய 13-ஆல் வகுத்தால் மைக்ரோகிராம் கணக்கு வரும்.

இன்னொன்று டிஎஸ்எச், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன். மனிதருக்குத் தைராய்டு என்றால் முதலில் பார்ப்பது அதைத்தான். பூனையின் டிஎஸ்எச் மனிதருடையதிலிருந்து வேறுபட்டது. மனிதருக்கான சோதனை அதைச் சரியாக அடையாளம் காணாது. அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கூடுமானால் விலங்குகளுக்கான ஆய்வுக்கூடத்துக்கு மாதிரியை அனுப்பச் சொல்லுங்கள்.

டி4 உயர்ந்திருந்து அறிகுறிகளும் இருந்தால் நோய் உறுதி. டி4 இயல்பின் மேல் விளிம்பில் இருந்து அறிகுறிகள் மட்டும் தெளிவாக இருந்தால், ‘இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். தொடக்க நிலையில் அளவு ஏறி இறங்கும். வேறு நோய் கூட இருந்தாலும் டி4 கீழே இறங்கிக் காட்டும். சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அல்லது கட்டற்ற டி4 என்ற இன்னொரு சோதனையைச் செய்ய வேண்டும்.

ரத்தம் எடுக்கும்போதே இவற்றையும் கேட்டு வாங்குங்கள்: ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், யூரியா, ஈரல் என்சைம்கள், சர்க்கரை. முடிந்தால் சிறுநீரும். ஈரல் என்சைம் ஏறியிருந்தால் பதறாதீர்கள், தைராய்டு அதிகமாக இருக்கும்போது அதுவும் ஏறுவது வழக்கம். சிகிச்சையில் பெரும்பாலும் இறங்கிவிடும். அணு எண்ணிக்கை ஏன் என்றால், பின்னால் மருந்தினால் அது குறைகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முதல் கணக்கு வேண்டும்.

சிறுநீரகம் என்னும் கடைமடை

மேட்டூரில் தாராளமாகத் தண்ணீர் திறந்திருக்கும் வருஷத்தில் வாய்க்கால் தூர்ந்து கிடப்பது யாருக்கும் தெரியாது. முறைப்பாசனம் என்று வந்தவுடன்தான் கடைமடை வாடும், தூர் வாராததும் தெரியும். பூனையின் சிறுநீரகத்திலும் இதுவே நடக்கிறது. தைராய்டு அதிகமாக இருக்கும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தம் விசையுடன் பாய்கிறது. பழுதான சிறுநீரகமும் அந்த விசையில் வேலையைச் செய்துவிடுகிறது. சதை கரைந்திருப்பதால் கிரியேட்டினினும் குறைவாகவே காட்டும். மருந்து கொடுத்துத் தைராய்டை இறக்கியதும் ரத்த ஓட்டம் இயல்புக்கு வரும், மறைந்திருந்த சிறுநீரக நோய் சில பூனைகளில் வெளியே தெரியும்.

“மருந்துதான் கிட்னியைக் கெடுத்துவிட்டது” என்று இதைப் புரிந்துகொண்டு மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. தைராய்டை ஏற விட்டால் சிறுநீரகம் இன்னும் விரைவில் கெடும். செய்ய வேண்டியது, குறைந்த அளவில் தொடங்கி, கிரியேட்டினினைக் கண்காணித்து, அளவை மெல்ல ஏற்றுவது. எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு: அளவை மிதமிஞ்சி ஏற்றி டி4 இயல்புக்குக் கீழே போய்விட்டாலும் சிறுநீரகத்துக்குக் கேடு.

வழிகள் நான்கு, நமக்கு எட்டுவது ஒன்று

கதிரியக்க அயோடின் ஊசி உலகில் சிறந்ததாகக் கருதப்படுகிறது. அயோடின்-131 வீங்கிய சுரப்பியில் மட்டும் சேர்ந்து அதை அழிக்கும். பெரும்பாலான பூனைகளுக்கு ஒரே ஊசியில் குணம். டெல்டாவில் அதற்கு வசதி இல்லை. அறுவைச் சிகிச்சையும் குணப்படுத்தும். ஆனால் வயதான இதயத்துக்கு மயக்க மருந்து ஆபத்து. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு சுரப்பிகள் சேதமானால் கால்சியம் சட்டென்று இறங்கி வலிப்பு வரும். அயோடின் மிகக் குறைந்த தனி உணவும் உண்டு. அதைக் கொடுத்தால் வாழ்நாள் முழுக்க வேறு ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. நாலு வீட்டுத் திண்ணையில் சாப்பிடும் நம் ஊர்ப் பூனைக்கு அது நடக்காத காரியம்.

மிச்சம் மாத்திரை. மெத்திமசோல், அல்லது உடலில் மெத்திமசோலாக மாறும் கார்பிமசோல். இவை சுரப்பைத் தடுக்கும், வீக்கத்தைக் கரைக்காது. நிறுத்தினால் ஓரிரு நாளில் டி4 மறுபடி ஏறத் தொடங்கும். ஆகவே ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை கொடுப்பது

மெத்திமசோல் பொதுவாக ஒரு வேளைக்கு 1.25 முதல் 2.5 மி.கி. வரை, நாளுக்கு இரண்டு வேளை என்று தொடங்குவார்கள். இரண்டு மருந்துகளும் மனிதர்களுக்கான மருந்துக் கடையில்தான் கிடைக்கும். ஒன்றுக்கு ஒன்று சமமல்ல. 5 மி.கி. கார்பிமசோல் ஏறக்குறைய 3 மி.கி. மெத்திமசோலுக்குச் சமம். கடையில் “அது இல்லை, இது இருக்கிறது, ஒரே மருந்துதான்” என்று மாற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

மாத்திரையைப் பாதியாக்கக் கத்தி வேண்டாம். பாதி தெறித்து அலமாரிக்கு அடியில் போகும். மாத்திரை வெட்டும் சிறு பெட்டி வாங்குங்கள். பொடியாக்கிச் சோற்றில் கலப்பதும் சரியில்லை. மெத்திமசோல் கசக்கும், பூனை பாதிச் சோற்றை விட்டுவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்பது யாருக்கும் தெரியாது.

எனக்குக் கைகொடுத்தது மத்தி. வேகவைத்த மத்தியில் விரல் நுனியளவு எடுத்து முள் நீக்கி, முதல் துண்டு வெறும் மீன், இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது கையிலேயே தயாராக. மூன்றாவது தெரிந்தால் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவாள். இது எல்லா நாளும் பலிக்காது. பலிக்காத நாளில் பூனையை மேசைமேல், முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். மேல் தாடையைக் கோரைப்பற்களுக்குப் பின்னால் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்துத் தலையை மெல்ல உயர்த்தினால் கீழ்த்தாடை தானே தளரும். நாக்கின் அடிப்பகுதியில் மாத்திரையைப் போட்டு வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெதுவாக விடுங்கள், அல்லது ஒரு வாய் மீன் கொடுங்கள். வெறும் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

கையை உடனே சோப்பால் கழுவுங்கள். கருவுற்ற பெண்கள் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது. கருவில் இருக்கும் குழந்தைக்குக் கேடு. பூனையின் கழிவையும் வாந்தியையும் அள்ளும் வேலையையும் அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மகள் ஆசையாகப் பூனைக்கு மருந்து கொடுக்க முன்வந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

அம்மாவின் தைராக்சினும் பூனையின் மாத்திரையும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. இரண்டும் சிறியவை, இரண்டையும் வீட்டில் ‘தைராய்டு மாத்திரை’ என்றே சொல்கிறோம். கண்ணாடி போடாமல் எடுத்தால் இருவருக்கும் ஆபத்து. கறுப்பாயியின் மருந்து எங்கள் வீட்டில் காலியான பெருங்காய டப்பாவில், வேறு அறையில், பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி இருக்கிறது.

முதல் மூன்று மாதம்

பக்க விளைவுகள் வருவதானால் பெரும்பாலும் இந்த மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். வாந்தி, பசியின்மை, மந்தம் என்பவை சாதாரணம்; மருத்துவர் அளவைக் குறைத்து மறுபடி ஏற்றிப் பார்ப்பார். முகத்திலும் கழுத்திலும் பிய்த்துக்கொள்ளும்படி சொறிந்து புண்ணாக்கினால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால், காய்ச்சலாகச் சுருண்டு கிடந்தால், கண் வெள்ளையும் ஈறும் மஞ்சளானால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மருந்து தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் முதல் மறுபரிசோதனை: டி4, கிரியேட்டினின், அணு எண்ணிக்கை. அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதேபோல். டி4 பூனையின் இயல்பு எல்லைக்குள், அதிலும் கீழ்ப்பாதியில், அதாவது ஏறக்குறைய 1 முதல் 2.5-க்குள் நிற்பது நல்லது. நிலைபெற்ற பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். பூனை நன்றாக இருக்கிறது என்பதற்காக இதைத் தள்ளிப்போடுவது பெரிய சபலம். நானும் ஒருமுறை அறுவடைக் காலத்தைக் காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். வீக்கம் வருஷங்களில் வளரக்கூடியது, போன வருஷ அளவு இந்த வருஷம் போதாமல் போகலாம். அதையும் முதலில் காட்டிக்கொடுத்தது ஞாயிற்றுக்கிழமைத் தராசுதான்.

மருந்து பிடித்தால் கறுப்பாயியைப் போலச் சில வாரங்களில் இரவுக் கத்தல் நிற்கும், எடை மெல்ல ஏறும். எடை ஏறி, பூனை எந்நேரமும் தூங்கி, மந்தமாகக் கிடந்தால் அளவு கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

சாப்பாடு

தயிர்சாதத்திலும் பால்சோற்றிலும் வளர்ந்த பூனைகள் நம் பக்கம் நிறைய. பூனை முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி; அதற்கு அவசியமான டாரின் என்ற சத்து சோற்றில் இல்லை. இந்த நோயில் சதைதான் முதலில் கரைகிறது, அதை மீட்கப் புரதம் வேண்டும். வேகவைத்த கோழி, முட்டை, முள் நீக்கிய மீன், கட்டுப்படியானால் பூனைகளுக்கான உணவு. மீன் குழம்புச் சோறு வேண்டாம்: புளியும் மிளகாயும் ஒருபுறம் இருக்க, சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ள பூனைக்கு ஆகாது. பாலினால் கழிச்சல் வருகிறதென்றால் நிறுத்துங்கள். சிறுநீரகமும் பழுதாகியிருந்தால் உணவை மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். அதிகம் குடிக்கிறதே என்று பாத்திரத்தை எடுத்து வைத்த வீடொன்றை நான் அறிவேன்.

ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாதவை

பூனை வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தபடி சுவரிலும் படியிலும் முட்டிக்கொண்டால் ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றே அழுத்தத்தைக் குறைத்தால் பார்வை ஓரளவு திரும்ப வாய்ப்பு உண்டு. அதற்குப் பொதுவாகக் கொடுப்பது அம்லோடிபின். வீட்டில் அப்பாவுக்கு அதே மாத்திரை இருக்கலாம், ஆனால் பூனைக்கான அளவு அதில் சிறு துணுக்கு. மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குதல். தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு விடுதல் (விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு, இரண்டு மூன்று முறை எண்ணிப் பாருங்கள்). திடீரென்று அலறிப் பின்னங்கால்கள் இழுத்து, தொட்டால் சில்லென்று இருத்தல். இதயத்திலிருந்து போன ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடாமல் இருத்தல். இவற்றில் எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

ஐப்பசி, கார்த்திகை

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் சாலையும் இல்லாமல் கிடந்தன. அடைமழை தொடங்கும் முன் ஒரு மாத மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும். ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். மறுபரிசோதனை தேதி அந்த மாதங்களில் விழுமானால் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள்.

மழையில் பூனையை வீட்டுக்குள் பழக்கிவிடுவதும் நல்லது. மணல் நிரப்பிய தட்டு ஒன்றைக் கூடத்தின் ஓரத்தில் வைத்தால் சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதும் தெரியும். வைக்கோல் போருக்குள் போய்ப் படுத்துவிட்டால் மாலை மாத்திரைக்குக் கண்டுபிடிக்க முடியாது.

நாம் ஊரில் இல்லாதபோது

கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் என்று போய்த்தான் ஆக வேண்டும். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். இருவரிடம் சொன்னால் இருவரும் கொடுப்பார்கள், அல்லது ஒருவருமே கொடுக்க மாட்டார்கள். எங்களுக்கு அத்தைதான். பசி திரும்பிவிட்டது என்று அன்று சொன்ன அதே அத்தை. இப்போது கறுப்பாயியின் எடையை என்னைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறார். போகும் முன் அவரை இரண்டு நாள் என் கண் முன்னால் கொடுக்கச் சொன்னேன். மாத்திரைகளை நாள்வாரியாகச் சிறு காகிதப் பொட்டலங்களில் மடித்து, மேலே ‘வியாழன் காலை’, ‘வியாழன் மாலை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காலியான பொட்டலத்தை எறியாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

கதவின் உட்புறம் ஒட்டிய காகிதத்தில் மூன்றே வரி. மருத்துவரின் தொலைபேசி எண். ஒரு நாள் சாப்பிடாவிட்டாலோ வாயால் மூச்சு விட்டாலோ அவரை அழைக்கவும். மாத்திரையைத் துப்பியதா விழுங்கியதா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது கொடுக்க வேண்டாம். அடுத்த வேளைக்கு வழக்கமான அளவை மட்டும் கொடுக்கவும்.